தாயைப் பழித்த தலைமை

மலாயாத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வந்த கதை கோலா கிளாவாங் பக்கத்துத் தோழர்களுக்குப் புதிதன்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்குமாறு துரைமாரைக் கட்டாயப்படுத்திற்று. பள்ளியும் வந்தது. உபாத்தியாயர் யார்? பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு தொழிலாளியோதாம்! சட்டம் கொட்டகையைத் தந்தது; ஆளை அமர்த்துவது துரையின் சிக்கனத்துக்கு விடப்பட்டது.

அதே கேள்வி இன்று வேறோர் உருவில் வந்து நிற்கிறது. மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளர் சட்டம், ஊனத்தைக் காரணங்காட்டி எவரையும் பொதுக் கல்வியினின்று விலக்கலாகாது என்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் சர்வகலாசாலை வாயிலை அடைகின்றனர். அங்கே அவர்களுக்கென ஓர் உதவிப் பகுதி அமையுமாயின், அதன் தலைமையில் யாரை அமர்த்துவது? பட்டத்தையும் புகழையும் கண்டு அமர்த்தினால் என்ன விளையும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

லியோ கானர் என்னும் மருத்துவர் 1943-இல் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை வரையறுத்தார். மறு ஆண்டே சிக்காகோ சர்வகலாசாலை, மனக்கோளாறுடைய பிள்ளைகளுக்காகத் தான் நடத்திய பள்ளிக்குப் புரூனோ பெட்டல்ஹைம் என்பவரைத் தலைவராக்கிற்று. ஹிட்லரின் சிறை முகாம்களில் வதைபட்டு மீண்டவர் அவர், பேச்சில் வல்லவர். ஆனால் வியன்னாவில் அவர் பெற்ற டாக்டர் பட்டம் அழகியல் தத்துவத்திலாகும்! தம் யோக்கியதைகளை அவர் மிகைப்படுத்திக் காட்டியிருந்தது 1990-இல் அவர் இறந்த பின்னரே ஊரறிய வெளியாயிற்று. அவரிடம் அடிபட்டதாகப் பழைய மாணவர் சிலரும் அப்பொழுதுதான் வாய் திறந்தனர்.

அடியைவிடக் கொடியது அவர் போதித்த கொள்கை. பிள்ளை பேசாதிருப்பதற்குக் காரணம் அன்பற்ற தாய்தான் என்று 1967-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அத்தகைய பிள்ளையின் நிலையைச் சிறை முகாம் கைதியின் நிலைக்கு ஒப்பிட்டார். அவ்வாறாயின் சிறைக் காவலாளி யார்? பெற்றவளே! 1973 வரை அவர் அப்பதவியில் வீற்றிருந்தார்.

நம் லயங்களில் இப்பேச்சு கேட்டதில்லையா? முன்வினை என்பார்கள், கருவுற்றபோது செய்த குற்றம் என்பார்கள், பூசாரியிடம் கயிறு கட்டச் சொல்வார்கள். விடியுமுன் பால்மரம் சீவப் போனவள், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்ட பாவத்தையும் சுமக்கவேண்டும். பூசாரி சொன்னால் மூடநம்பிக்கை. பேராசிரியர் சொன்னால் விஞ்ஞானமோ?

இதனை முதலில் வன்மையாக மறுத்தவர் ஒரு தகப்பனார். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற மனோதத்துவ அறிஞர் பெர்னார்டு ரிம்லண்டு, இது உடற்கூற்றைச் சார்ந்தது, வளர்ப்பின் குற்றமன்று என்று 1964-இல் நூல் எழுதி வாதித்தார்.

சிக்காகோவிலேயே பயின்று, பெட்டல்ஹைமின் கொள்கையை அருகிலிருந்து கண்டு வெறுத்தவர் எரிக் ஷாப்ளர். 1964-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்று வட கரோலினா சர்வகலாசாலைக்குச் சென்றவர், முற்றும் மாறான வழியில் நடந்தார். பெற்றோரை வெளியே நிறுத்தாமல், சிகிச்சையில் துணைவராக உள்ளே அழைத்தார். இன்ன வேலைக்குப் பின் இன்ன வேலை என்பதைப் படங்களாலும் பொருள்களாலும் பிள்ளையின் கண்முன் வரிசைப்படுத்திக் காட்டினார். சொல்லைவிடக் காட்சி அவர்களில் பலருக்கு எளிதில் விளங்கும் என்று கண்டதே காரணம். பெற்றோர்களே சட்டசபையை நெருக்கினர். 1972-இல் அவ்வேலை மாநில முழுதுக்கும் உரிய அரசாங்க ஏற்பாடாயிற்று. 1993-இல் ஷாப்ளர் தலைமையை விட்டபோது, அவருடன் உழைத்த கேரி மெசிபாவ் அதை ஏற்றார்.

இரண்டும் சர்வகலாசாலைகளே, இரண்டும் பட்டம் பெற்றவரையே அமர்த்தின. ஆகவே நம் நாட்டுச் சர்வகலாசாலைகள் இத்தகைய பதவிக்கு ஆள் தேடுகையில், சான்றிதழைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், பெற்றோரை நீர் எங்கே உட்காரவைப்பீர் என்றும் கேட்கட்டும். கேட்பவர் வரிசையில் ஆட்டிசம் உள்ள மாணவர் ஒருவரும், தோட்டத்தில் பிள்ளை வளர்த்த தாய் ஒருத்தியும் அமரட்டும். அந்த அம்மையார் தமிழில் கேட்பாராயின், மொழிபெயர்க்க ஆளும் வைக்கட்டும்.