யானைத் துப்பாக்கியும் தோள்வலியும்

யானை வேட்டைக்குப் போனவர்கள் யானையைக் கண்டு பயந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களில் சிலர் யானையைவிடத் தங்கள் கையில் இருந்த துப்பாக்கிக்கு அதிகம் பயந்தார்கள் என்றால் நம்புவீர்களா? பெரிய துப்பாக்கிகளின் வரலாற்றைப் புரட்டினால் இந்தச் சங்கதி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு. கருமருந்துக் காலத்தில் துப்பாக்கிக் குழலின் அளவை மில்லிமீட்டரில் சொல்ல மாட்டார்கள். குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்பதுதான் அளவு. பன்னிரண்டு நின்றால் 12 போர். நான்கே நின்றால் 4 போர். அதாவது ஒரு குண்டின் எடை கால் பவுண்டு, சுமார் 113 கிராம்! இன்று பயிற்சிக்குப் பயன்படும் .22 துப்பாக்கியின் குண்டு இரண்டரை கிராம் சொச்சம்தான். எதற்கு இவ்வளவு பெரிய குண்டு? கருமருந்தால் குண்டுக்கு வேகத்தை ஓரளவுக்கு மேல் கொடுக்க முடியாது. யானையின் மண்டை ஓட்டைத் துளைக்க வேண்டுமானால் எடையைத்தான் கூட்ட வேண்டும். எடையைக் கூட்டினால் நியூட்டனின் மூன்றாம் விதி சும்மா விடுமா? குண்டு முன்னால் போகும் உந்தம் அத்தனையும் துப்பாக்கி வழியாகச் சுடுகிறவரின் தோளுக்குத் திரும்பி வரும்.

இதற்கு அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வைத்தியம் துப்பாக்கியையும் கனமாகச் செய்வது. 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவரிடம் சொல்லிச் செய்த துப்பாக்கி 21 பவுண்டு எடை, அதாவது ஒன்பதரை கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு மலைக்காட்டில் ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் அப்போது யானை சுடுவது வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஏதோ பொழுதுபோக்கு போல இருந்தது. பதுளையில் இருந்த மேஜர் ரோஜர்ஸ் மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்கிறார்கள். அவர் 1845ல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்.

பேக்கர் பலசாலி. ஆனால் அவரையே மிரட்டிய துப்பாக்கி ஒன்று உண்டு. 1860களில் நைல் நதிப் பயணத்தின்போது அவரிடம் இருந்த அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பேபி'. அரை பவுண்டு எடையுள்ள வெடிகுண்டைச் சுடும் குழந்தை! ஒவ்வொரு முறை சுடும்போதும் தன்னைச் சுழற்றிவிடுவதாகவும், அதைச் சுடத் தனக்கே பயம் என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இன்னும் பரிதாபம் ஃபிரெடரிக் செலூஸ் கதை. 1871ல் தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கியபோது அவருக்கு 19 வயது. கையில் காசு அதிகம் இல்லை. பர்மிங்ஹாமில் செய்த மலிவான 4 போர் துப்பாக்கிகளை வாங்கினார். பேக்கருடையது 21 பவுண்டு என்றால் இவை பன்னிரண்டரைதான். மருந்தை அளந்துகூடப் போடுவதில்லை, பையில் கைவிட்டு அள்ளிப் போடுவார். 1872 முதல் 1874 வரை இவற்றைக் கொண்டே 78 யானைகளைக் கொன்றார். ஒருநாள் துப்பாக்கி வெடிக்காமல் போக, கூட இருந்த ஆள் பழைய மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் மேலே இன்னொரு முறை நிரப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து விசையை இழுத்தபோது செலூஸ் தரையை விட்டே தூக்கி எறியப்பட்டு மணலில் முகம் குப்புற விழுந்தார். துப்பாக்கி அவர் தோளுக்கு மேலாகப் பறந்து பின்னால் போய் விழுந்தது. யானைகளைக் கொன்றதெல்லாம் போகட்டும், அந்தத் துப்பாக்கிகளைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவர் வருந்தினார். அவை தன் நரம்புகளைக் கெடுத்து, வாழ்நாள் முழுக்கத் தன் குறியைப் பாதித்துவிட்டன என்பது அவருடைய கணிப்பு.

நரம்பு கெடுவது என்றால் என்ன? ஆங்கிலத்தில் இதை 'ஃபிளிஞ்ச்' என்பார்கள். தமிழில் பதறல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை பலமாக உதைபட்ட உடம்பு அடுத்த முறை உதைக்காகக் காத்திருக்காது. விசை முழுதாக அழுந்துவதற்கு முன்பே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழலின் முனை கீழே இறங்கும். எல்லாம் ஒரு நொடிக்குள். சுடுகிறவருக்கே இது தெரியாது, துப்பாக்கி சரியில்லை என்றுதான் சொல்வார்! தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊசி போட வரும் நர்ஸைப் பார்த்ததும் கை இறுகுகிறதே, அதே விஷயம்தான்.

புகையில்லா மருந்து வந்ததும் நிலைமை கொஞ்சம் மாறியது. 1898ல் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 தோட்டாவின் குண்டு 31 கிராம்தான், ஆனால் நொடிக்கு 650 மீட்டர் வேகம். 1912ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் .375 மேக்னம் வந்தது. இன்றைக்கும் ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவு என்றால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். சாதாரண ராணுவத் துப்பாக்கியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உதைக்கும். .458 வின்செஸ்டர் (1956) அதற்கும் மேல்.

இந்த இடத்தில்தான் ஸ்காட்லாந்துக்காரர் வால்டர் பெல் வருகிறார். எல்லோரும் பெரிய துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்தபோது இவர் எடுத்தது 7 மில்லிமீட்டர் ரிக்பி. மான் சுடும் துப்பாக்கி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற இவர் அதில் பெரும்பகுதியை இதைக் கொண்டே செய்தார். (ஆயிரம் யானைகள், எல்லாம் தந்தத்துக்காக. இன்று படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.) ரகசியம் துப்பாக்கியில் இல்லை. யானையின் மண்டை ஓட்டை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தார். துப்பாக்கியைக் கூலியாளிடம் கொடுக்காமல் நாள் முழுக்கத் தானே சுமந்தார். தோட்டா இல்லாமல் எதையாவது குறிவைத்து விசையை அழுத்திப் பழகிக்கொண்டே இருப்பார். பறக்கும் நீர்க்காகங்களை ரைஃபிளால் சுட்டு வீழ்த்துவார் என்றால் கை எப்படிப் பழகியிருக்க வேண்டும்! உதைக்காத துப்பாக்கி என்பதால் பழகப் பழகக் குறி கூடியது. செலூஸுக்கோ சுடச் சுடக் குறைந்தது.

ஆனால் பெல்லைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அவருடைய சின்னத் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய பயிற்சியை விட்டுவிட்டவர்கள் யானைகளைக் காயப்படுத்தியதுதான் மிச்சம்.

குறி தவறினால் விலங்கு தப்பிப் போகும், நல்லதுதானே என்று கேட்கலாம். முழுசாகத் தப்பினால் நல்லதுதான். அரைகுறையாக அடிபட்டுப் போனால்? இதற்கு உதாரணம் தேடி ஆப்பிரிக்கா போக வேண்டாம், நம் குமாவுன் மலைகளே போதும். நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907ல் ஜிம் கார்பெட் சுட்டார். செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால் வலது பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை. இரையைப் பிடிக்க முடியாத புலி மனிதரைத் தேடி வந்தது. அந்த வேட்டைக்கு கார்பெட் கொண்டுபோனது .500 துப்பாக்கி, மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தும் புலி விழவில்லை. தாசில்தார் கையிலிருந்த பழைய துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கி வந்து புலியின் வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு பாதத்தில் பட்டது! பழகாத துப்பாக்கி கார்பெட்டின் கையிலேயே இப்படி.

சரி, உதைக்கும் துப்பாக்கியில் எப்படித்தான் பழகுவது? இந்தியாவில் 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தக் கேள்விக்கு இங்கே வேலை இல்லை. ஆப்பிரிக்காவில் வேட்டை நடத்துபவர்களுக்கும் வனக்காவலர்களுக்கும் இன்றும் உண்டு. அவர்கள் கண்ட வழி ஏறக்குறைய பெல்லின் வழியேதான். வாரா வாரம் பழகுவார்கள், ஆனால் பெரும்பகுதி .22 துப்பாக்கியிலோ தோட்டாவே இல்லாமலோ. பெரிய துப்பாக்கியை எடுத்தால் ஒரு தடவைக்கு ஐந்தாறு தோட்டாக்கள், தோள் வலிக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். மேசையில் சாய்ந்து சுடுவதில்லை. நின்று சுட்டால் உடம்பு பின்னால் வளைந்து கொடுக்கும், மேசையில் உட்கார்ந்தால் முழு உதையும் தோளுக்கே. மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களில் தொடங்குவதும் உண்டு. பதறலைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. நண்பர் ஒருவர் தோட்டா நிரப்பித் தருவார், நடுவில் சொல்லாமல் ஒரு போலித் தோட்டாவைப் போட்டுவிடுவார். 'டக்' என்று சத்தம் மட்டும் வரும், குழலின் முனையோ தானாகக் கீழே குனியும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், சுட்டவருக்கு அப்போதுதான் தன் வியாதி புரியும்.

தென்னாப்பிரிக்காவில் சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளுக்கு இதில் தேர்வே இருக்கிறது. இவர்கள் வேட்டைக்காரர்கள் அல்ல. ஒரு விலங்கைக்கூடச் சுடாமல் ஓய்வுபெறுவதுதான் இவர்களுக்குப் பெருமை. ஆனாலும் சிங்கத்தின் படம் ஒட்டிய அட்டை அவர்களை நோக்கிப் பாய்ந்து வரும்போது, பின்னால் பத்துப் பேர் நிற்பதாக நினைத்துக்கொண்டு, .375 அல்லது .458 துப்பாக்கியால் மூளை இருக்கும் இடத்தில் அடித்தாக வேண்டும். அதற்கு முன்னால் கண்ணைக் கட்டிவிட்டுத் தோட்டா நிரப்பச் சொல்கிறார்கள்.