புண்ணுக்கு ஒரு பண்

போர்க்களத்திலே புண்பட்ட வீரனை மனைக்குக் கொணர்ந்து, பண்டைத் தமிழர் என்ன செய்தனர்? புறநானூற்றின் 281-ஆம் பாட்டிலே அரிசில் கிழார் காட்டுகிறார். வேம்பின் தழை செருகினர்; ஐயவி எனும் வெண்கடுகு தூவினர்; நறும்புகை எழுப்பினர்; யாழொடு பல்லியம் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடினர். மலைபடுகடாமோ, புலி பாய்ந்த கணவனின் புண் ஆறக் குறமகள் பாடியதைக் கூறுகிறது.

அன்றே கானத்தால் காயத்தை ஆற்றினோம் என்று பூரித்துவிடாதீர், தோழர்களே! ஐயவி தூவியது பேய்க்கு அஞ்சி. பேய் பொய். ஆனால், துடித்துக் கிடந்தவனுக்கு யாழோசை தந்த ஆறுதல் பொய்யன்று.

இரண்டாம் உலகப்போரிலே காயமுற்ற வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளில் இசை ஒலித்தது. 1944-ல் மிச்சிகன் மாநிலக் கல்லூரி இசை மருத்துவத்தைப் பட்டப் படிப்பாக்கிற்று. 1950-ல் அதற்கெனத் தேசியச் சங்கம் தோன்றிற்று. பின்னர் வந்தோர் ஆய்ந்தனர், அளந்தனர். அறுவைக்கு முன் எழும் அச்சத்தையும், பின்னர் வரும் வலியையும் இசை ஓரளவு தணிக்கும் என்று அறிந்தனர். கிருமியை அது கொல்லாது; முறிந்த எலும்பைப் பொருத்தாது.

இன்ன இராகம் இன்ன நோயை ஓட்டும் என்று பட்டியல் நீட்டுவோர் இன்றும் உளர். அவர்களிடம் கேளுங்கள்: அளந்தவர் யார்? நோயாளியின் தலைமாட்டிலே பாட்டு இருக்கட்டும். மருத்துவரை வாயிலிலே நிறுத்திவிட்டு அன்று!