பிரண்டையும் எலும்புப்புரையும்: கோத்தா திங்கியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்துள்ள கோத்தா திங்கி, மலாய் வரலாற்றில் 1699ஆம் ஆண்டு சுல்தான் மாமுட் கொலையுண்ட ஊராக நினைவுகூரப்படுகின்றது. தமிழர்க்கோ அது முதன்மையாகத் தோட்டங்களின் ஊர். அத்தகைய தோட்டப்புற வேலிகளில் படர்ந்த பிரண்டையே இக்கட்டுரையின் பொருளாகும். "எலும்புப்புரை நோய்க்கு நம் முன்னோர் அன்றே மருந்து கண்டனர்" என்னும் கூற்று நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. அக்கூற்றினைச் சான்றுகளோடு பொருத்திக் காண்பது தேவை எனக் கருதுகிறோம்.

பிரண்டை வறண்ட நிலத்துக்குரிய கொடி. ஒரு கணுவை ஒடித்து மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும் இயல்பு அதற்கு உண்டு. ஆதலின் மழைக்காட்டு நாட்டிலும் தமிழர் வீடுகளில் அது வேரூன்றியதில் வியப்பில்லை. 1767இல் லின்னேயசு அதற்கு அறிவியற் பெயரிட்டபோது தண்டின் நாற்கோண வடிவையே அடையாளமாகக் கொண்டார். வடமொழியாளரோ பயனை நோக்கி 'அஸ்திசம்ஹாரம்' என்றனர். 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசமும் அதனைக் குறிப்பிடுகின்றது.  இங்கு ஒன்றனைக் கவனித்தல் வேண்டும். இது முறிந்த எலும்பு கூடுவதைச் சுட்டும் பெயர். எலும்பு உள்ளீடற்று மெலிவதைச் சுட்டுவது அன்று.

எலும்புப்புரை என்னும் கருத்தாக்கமே பிற்காலத்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்திராஸ்பூர்க் நகரத்து நோய்க்கூற்றியலறிஞர் லோப்ஸ்டைன் அதற்கான மேலைநாட்டுப் பெயரை வழங்கினார். மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஈஸ்திரோஜன் குறைவதோடு அதற்குள்ள தொடர்பினை 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். அடர்த்தியை அளந்து நோயை வரையறுக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1994இல்தான் வெளியிட்டது. சித்த மருத்துவம் என்பினை எழுவகை உடற்தாதுக்களுள் ஒன்றாகக் கொண்டு, அதன் தேய்வினை வாதத்தின் மிகுதியோடு தொடர்புபடுத்தியது உண்மையே. எனினும் இரண்டும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்று, பால் வாளிகளைச் சுமந்து ஆயுளைக் கழித்த பாட்டிமாரின் முதுகு வளைந்தபோது, நம்மவர் அதனை உழைப்பின் விளைவு, முதுமையின் இயல்பு என்றே கொண்டனர். அதனை நோயென்று எவரும் எண்ணாதபோது அதற்கு மருந்து தேடும் நிலையும் எழவில்லை.

பிரண்டையை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றவர்களுள் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியர் கே. என். உடுப்பா முதன்மையானவர். 1961 முதல் 1964 வரை அவரும் ஜி. சி. பிரசாத் முதலிய துணைவர்களும் வெளியிட்ட ஆய்வுகள், எலும்பு முறிக்கப்பட்ட விலங்குகளிடம் பிரண்டைச் சாறு முறிவு கூடுவதை விரைவுபடுத்தியதாகக் கூறின. கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு அதனை அவர்கள் அளந்தனர். அக்காலத்தில் இது சிறிய செயலன்று. ஆயினும் அவை முறிவு பற்றிய ஆய்வுகளே. எலும்பு மெலிவுக்கு அது பயன்படுமா என்னும் வினாவை, 2003இல் மணிப்பால் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை நேரடியாக எழுப்பியது. சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 500, 750 மில்லிகிராம் என்னும் அளவுகளில் எத்தனால் சாறு கொடுக்கப்பட்டது, பயன் தெரிந்தது. இந்த அளவினைத் துவையலோடு ஒப்பிட இயலாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? மேலும், நாக்கில் நமைச்சலை உண்டாக்கும் ஆக்சலேட்டுப் படிகங்கள் பிரண்டையில் உள்ளன. அவற்றில் பிணைந்த கால்சியம் உடலில் எளிதிற் சேராது. ஆகவே "கால்சியம் நிறைந்தது, எனவே எலும்புக்கு நல்லது" என்னும் விளக்கம் வலுவற்றது. ஆய்வாளர் நோக்கியது அதிலுள்ள ஸ்டீராய்டு வகைப் பொருள்களையே.

மலேசியாவிலும் இதே வழியில் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. மலாய்ப் பெண்கள் மகப்பேற்றோடு தொடர்புபடுத்திப் போற்றும் காச்சிப் பாத்திமா, மழைக்காட்டின் நிழலில் வளரும் சிறு செடி. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஈஸ்திரோஜன் குறைந்த எலிகளின் எலும்பமைப்பினை அது காத்ததாகக் காட்டிற்று. அதற்கு முந்திய ஆண்டில் காடோக் இலைச்சாறும் எலும்புப்புரை கொண்ட எலிகளின் முறிவினைக் கூட்டியதாக எழுதப்பட்டது. பந்தி மலைக்காட்டை அண்டி வாழ்ந்த கோத்தா திங்கித் தமிழரின் வேலியில் ஒரு மரபு. அக்காட்டோடு பழகிய மலாய்க்காரரிடம் வேறொரு மரபு. இரண்டையும் இன்று ஒரே வகை எலிச் சோதனை அளக்கின்றது. எலியிலிருந்து மூதாட்டிக்குச் செல்லும் வழியோ நெடியது. மலேசியாவில் 1992 முதல் நடைமுறையிலுள்ள பாரம்பரிய மருந்துப் பதிவு, பாதுகாப்பையும் தரத்தையுமே முதன்மையாக நோக்குகின்றது. பதிவெண் நோய் தீரும் என்பதற்குச் சான்றன்று.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் ஈண்டுச் சுட்ட விரும்புகிறோம். மலாய், இந்தோனேசிய வழக்கில் 'பாத்தா தூலாங்' என்னும் பெயர் பிரண்டைக்கும் வழங்குகின்றது, திருகுகள்ளிக்கும் வழங்குகின்றது. பின்னதன் பால் கண்ணிற்குப் பெருந்தீங்கு விளைப்பது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாக மாறி, மக்கள் நகர்ப்புற வீடமைப்புகளுக்குப் பெயர்ந்தபின், செடியைக் கண்டறியும் பழக்கம் பேச்சளவில் சுருங்கியது. பெயர் மட்டுமே இளையோரிடம் எஞ்சியது. ஆகவே மாணவரைக் கொண்டு வாய்மொழி மருத்துவக் குறிப்புகளைத் திரட்டும் ஆசிரியர்கள், செடியின் பெயரோடு தண்டின் ஒரு துண்டையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். வெட்டினால் வெண்பால் வடியாத நாற்கோணத் தண்டு பிரண்டை. உருண்டையாய், பால் வடிவது கள்ளி.