சிறைப் பார்வையாளர் குழுக்களும் நியமன உரிமையும்

1773ஆம் ஆண்டில் ஜான் ஹோவர்ட் என்பார் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு மாவட்டத்திற்கு ஷெரீபாக நியமனம் பெற்றார். ஷெரீபுகள் சிறைச்சாலையை எட்டிப்பாராமலே தங்கள் ஓராண்டுக் காலத்தைக் கழித்துவிடுவது அன்றைய வழக்கம். ஹோவர்டோ உள்ளே சென்றார். நீதிமன்றத்தால் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோரும் அங்கேயே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். சிறைக்காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகள் செலுத்தும் கட்டணமே அவருடைய வருவாய். அதைச் செலுத்த இயலாதவனுக்கு வாயில் திறவாது. காவலருக்குச் சம்பளம் கொடுத்து இக்கட்டணத்தை ஒழிக்கலாமே என்று ஹோவர்ட் மாவட்டத்து நீதிபதிகளை வேண்டினார். வேறெங்கேனும் அவ்வாறு செய்ததுண்டா, முன்மாதிரி காட்டுக என்றனர் அவர்கள். முன்மாதிரியைத் தேடி அண்டை மாவட்டங்களுக்குக் குதிரையேறிப் போனவர் எங்கும் அதே அநீதியையே கண்டார். (ஒரு நூற்றாண்டுக்கு முன் 'மோட்ச பிரயாண'த்தின் ஆசிரியர் ஜான் பனியன் அடைக்கப்பட்டிருந்த சிறையும் இந்தப் பெட்ஃபோர்டு மாவட்டச் சிறையே.)

ஹோவர்டின் சாட்சியத்தைக் கேட்ட பாராளுமன்றம் 1774இல் இரண்டு சட்டங்களை இயற்றியது. 1777இல் அவருடைய பெரும் ஆய்வுநூல் வெளிவந்தது. 1790இல், கருங்கடலருகேயுள்ள கெர்சன் நகரில், காய்ச்சல் கண்டு அவர் மரித்தார். அவருக்குப்பின் 1813இல் எலிசபெத் ஃப்ரை அம்மையார் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் நுழைந்தார். 1817இல் அங்கே பெண்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்.

இவ்விருவரைப் பற்றிய ஒரு செய்தியைப் போதகர்களாகிய நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தம் மாவட்ட எல்லையைத் தாண்டிச் சிறைகளைப் பார்வையிட ஹோவர்டை எவரும் நியமித்ததில்லை. ஃப்ரை அம்மையாரையும் எவரும் நியமிக்கவில்லை. முன்னவர் ஆங்கிலிக்கன் சபைக்குப் புறம்பான பிரிவினர், பின்னவர் குவேக்கர். 1828 வரை, இத்தகைய சபையார் அரசாங்கப் பதவி ஏற்பதைச் சட்டமே தடுத்திருந்தது. ஹோவர்ட் ஷெரீபானதும் அச்சட்டத்தை மீறிய துணிவினாலேயே. ஆகவே சிறையைக் கண்காணிக்கும் குடிமக்கள் பணி, நியமனம் பெறாதவர்களால் தொடங்கப்பட்டதாகும்.

ஆயினும் நியமனமின்றி ஒரு பணி நிலைபெறுவது அரிது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ச் சிறைகள் யாவற்றையும் உள்துறை அமைச்சரின் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. அதுவரை அவற்றை நடத்திவந்த சமாதான நீதிபதிகளுக்கு, தங்களுள் சிலரைத் தெரிந்து பார்வைக் குழுவாக அமைக்கும் உரிமை மட்டும் எஞ்சியது. நெடுங்காலத் தண்டனைக்குரிய சிறைகளுக்கு 1898ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு குழுவை ஏற்படுத்தியது. இக்குழுவினரை நியமித்தவர் உள்துறை அமைச்சரே. இருவரேனும் சமாதான நீதிபதிகளாயிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1971ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் பயனாக இப்பின்னைய முறையே எல்லாச் சிறைகளுக்கும் பொதுவாயிற்று. இவ்வாறு, சிறைகளை நடத்தும் அமைச்சரே அவற்றைக் கண்காணிப்பவர்களையும் தெரிந்தெடுக்கலானார்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கைதியின் முறையீட்டைக் கேட்க வேண்டிய இக்குழுவினரே அவனை விசாரித்துத் தண்டிப்போராகவும் இருந்தனர். கலகம், அதிகாரியைக் கொடுமையாகத் தாக்குதல் ஆகிய குற்றங்களுக்கு, அமைச்சரின் உறுதிப்பாட்டுடன் கசையடி விதிக்கும் அதிகாரமும் 1967 வரை அவர்களிடம் இருந்தது. நன்னடத்தையால் குறையும் தண்டனைக் காலத்தை அவர்கள் பறிக்கவும் கூடும். ஜெல்லிக்கோ பிரபு தலைமையிலான குழு, கண்காணிப்பும் தண்டிப்பும் ஒரே கையில் இருத்தலாகாது என்று 1975இல் எழுதிற்று. எவரும் செவிகொடுக்கவில்லை.

மறு ஆண்டு, 1976 செப்டம்பரில், வைட் தீவிலுள்ள ஆல்பனி சிறையில் கைதிகள் அறுவர் ஒரு நடைவழியில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களை அகற்றுகையில் மூண்ட கைகலப்பில் இருதரப்பாரும் காயமுற்றனர். அவ்வறுவருள் காம்ப்பெல் என்பவருக்கு, வழக்கறிஞர் உதவியின்றி நடந்த விசாரணையில், பார்வையாளர் குழு 570 நாள் தண்டனைக் குறைப்பை இழக்கும்படி தீர்ப்பளித்தது. அவரும் உடனிருந்த ஃபெல் என்னும் ரோமன் கத்தோலிக்கக் குருவும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். அமைச்சரால் நியமிக்கப்பட்ட குழு சுதந்தரமானதாகுமா என்பது அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று.

1984இல் வந்த தீர்ப்பு, வழக்கறிஞர் உதவி மறுக்கப்பட்டது தவறென்றது. ஆனால் நியமனத்தைக் குறித்து அது கூறியது வேறு. நீதிபதிகளையும் அரசாங்கமே நியமிக்கிறது. எனவே அமைச்சர் நியமித்தார் என்பது மட்டும் சுதந்தரத்தைக் கெடுக்காது. இக்குழுவைச் சிறை நிர்வாகத்தின் ஒரு பகுதியாகவே கைதிகள் எண்ணக்கூடும். சிறைச் சூழலில் அவ்வெண்ணம் தவிர்க்கவொண்ணாதது. அதுவும் போதிய காரணமன்று. தீர்ப்பின் முற்பகுதி நமக்கு உடன்பாடே. பிற்பகுதியை ஏற்பது கடினம். நீதிபதியை நம்பாதவனுக்கும் நீதிபதி தீர்ப்பளித்துவிடலாம். பார்வையாளரை நம்பாத கைதியோ வாயே திறக்கமாட்டான். அவன் பேசாவிடில் பார்வையாளர் பணியில் எஞ்சுவது யாது? சட்ட அறிஞர்கள் கண்டது ஒரு மன்றத்தை. கைதி கண்டது ஒரு முகத்தை.

மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 1990 ஏப்ரல் முதல் நாள் மூண்ட கலகம் 25 நாட்கள் நீடித்தது. அதனை ஆராய்ந்த உல்ஃப் பிரபுவின் அறிக்கை 1991இல் வெளிவர, 1992இல் தண்டிக்கும் அதிகாரம் இக்குழுக்களிடமிருந்து எடுக்கப்பட்டது. 2003இல் அவை சுதந்தரக் கண்காணிப்புக் குழுக்கள் எனப் பெயர்பெற்றன. 2007ஆம் ஆண்டுச் சட்டம் அப்பெயரை ஏற்று, சமாதான நீதிபதிகள் இருவர் வேண்டும் என்னும் விதியையும் நீக்கிற்று. இன்று எளிய குடிமக்கள் விண்ணப்பித்து, நேர்காணலுக்குப்பின் ஊதியமின்றிச் சேர்கின்றனர். எந்நேரமும் எவ்வறைக்கும் செல்லவும் கைதியுடன் தனித்துப் பேசவும் அவர்களுக்கு உரிமையுண்டு. நியமன ஆணை மட்டும் இன்னும் அமைச்சரிடமிருந்தே வருகிறது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஆங்கிலேயர் இயற்றிய 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, பார்வையாளர்களை நியமிக்க விதிசெய்யும் அதிகாரத்தை அரசாங்கத்திற்குத் தந்தது. அதன் வழியே ஆட்சியரும் நீதிபதியும் பதவியின் பொருட்டுப் பார்வையாளராயினர். அலுவல்சாரா பார்வையாளர்களை மாநில அரசு தெரிந்தெடுத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், டி. கே. பாசு வழக்கில், சிறைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் அலுவல்சாரா பார்வையாளர்களை நியமிப்பதைப் பரிசீலிக்கும்படி மாநிலங்களைப் பணித்தது. எவரை, எம்முறையில் தெரிவது என்பதை அவ்வவ் விதிகளுக்கே விட்டது. ஆராதனை நடத்தச் சிறைக்குச் செல்லும் ஆயர், கண்காணிப்பாளரின் அனுமதியின்பேரில் செல்கிறார். அவர் மறுத்தால் திரும்ப வேண்டியதே. பார்வையாளர் செல்வது விதி தந்த உரிமையினால். கண்டதை அவர் பார்வையாளர் பதிவேட்டில் எழுதலாம். எழுதியதற்குக் கண்காணிப்பாளர் மறுமொழி கூறவும் வேண்டும்.