ஃபாரடேயின் செந்நீர்

லண்டனில், ராயல் இன்ஸ்டிட்யூஷனில், சில பழைய கண்ணாடிப் புட்டிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம். 1850களில் மைக்கேல் ஃபாரடே தம் கையால் தயாரித்தது. அந்தச் சிவப்பைத் தருவது சாயமன்று, தங்கம்.

நானோ தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் 1959ஆம் ஆண்டு உரையிலிருந்தே தொடங்குகிறார்கள். நோரியோ தானிகுச்சி அச்சொல்லை ஆண்டது 1974இல். இப்புட்டிகளோ இரண்டுக்கும் ஒரு நூற்றாண்டு முந்தியவை.

அப்போது ஃபாரடே அறுபதைக் கடந்திருந்தார். நினைவாற்றல் தளர்ந்துகொண்டிருந்தது. உலோகத்தினூடே செல்லும் ஒளிக்கு என்ன நேர்கிறது என்பதே அவரைப் பற்றியிருந்த கேள்வி. மஞ்சளாக மின்னும் தங்க ரேக்கு, ஒளிக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தெரியும். அதனினும் மெல்லிய தங்கத்தைத் தேடி வேதிமுறைகளை நாடினார். தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரஸோடு வினைபுரியச் செய்தபோது செந்நீர் கிடைத்தது.

பார்வைக்கு அது வெறும் கரைசல். ஆனால் ஒளிக்கற்றையைக் குவித்துச் செலுத்தியபோது அதன் பாதை கூம்பு வடிவில் துலங்கிற்று. ஆகவே தங்கம் கரைந்துவிடவில்லை, நுண்துகள்களாக மிதக்கிறது என்று முடிவுகட்டினார். துகளின் அளவு மாறினால் நிறமும் மாறும் என்ற கருத்தை 1857 பிப்ரவரியில் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் உரையில் முன்வைத்தார். அத்துகள்களைக் காட்டவல்ல நுண்ணோக்கி அன்று உலகில் எங்குமில்லை.

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். செந்நீரில் சிறிது உப்பிட்டால் அது நீலமாகிவிடும். திரவத்தைப் பேண விரும்புபவருக்கு இது ஓர் இடையூறு. ஃபாரடே அதையும் பதிவு செய்தார்.

1903இல் சிக்மாண்டியும் சீடன்டாஃபும் வடிவமைத்த மீநுண்ணோக்கி, அத்தகைய துகள்களைத் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகக் காட்டியது. 1908இல் குஸ்டாவ் மீ அந்நிறங்களுக்குக் கணித விளக்கம் தந்தார். உப்பு, துகள்களை ஒன்றையொன்று விலக்கிவைக்கும் மின்விசையை வலுவிழக்கச் செய்கிறது, அவை திரள்கின்றன, நிறம் மாறுகிறது.

அந்த இடையூறே பின்னாளில் கருவியாயிற்று. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழுவினர் தங்கத் துகள்களில் டிஎன்ஏ இழைகளைப் பொருத்தினர். அவற்றுக்கு இணையான இழை எதிர்ப்பட்டால் மட்டுமே துகள்கள் திரண்டன. சிவப்பு, நீலத்தை நோக்கி மாறிற்று. உப்பு எல்லாவற்றையும் பாகுபாடின்றித் திரட்டியது; இங்கே திரள்வதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. ஒரு மரபணு வரிசையின் இருப்பை வெறுங்கண்ணால் அறிய வழி பிறந்தது.

கோவிட் காலத்தில் நம்மில் பலர் சோதனைப் பட்டையில் கோடு தோன்றுகிறதா என்று கலக்கத்தோடு காத்திருந்தோம். அங்கே நிறமாற்றமில்லை, துகள்கள் ஓரிடத்தில் சிக்கிச் சேர்வதே கோடாகத் தெரிகிறது. அப்பட்டைகள் பலவற்றில் நாம் கண்ட சிவப்பு, தங்க நுண்துகள்களின் சிவப்பு. ஃபாரடேயின் புட்டியில் இன்றும் மங்காதிருப்பதும் அதுவே.