சுழி பார்த்த கண்ணும் எடை பார்த்த தராசும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஒரு பாரில் விளைந்த சிப்பிகளின் தரத்தை அறிவதற்காக, அப்பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை முன்னதாகவே எடுத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை பெறும் என்று நிர்ணயம் செய்த பிறகே, குளிப்பு நடத்தலாமா என்பதை அதிகாரிகள் தீர்மானித்தார்கள். சல்லடைகள் பத்து, முதலாவதில் 20 துளைகள், கடைசியானதில் 1000. இக்கரையில் கடைசிக் குளிப்பு 1961ஆம் ஆண்டில் நடந்தது. அந்தச் சல்லடைகளின் ஞாபகம் இன்னும் மறையாத இந்நகரில், மில்லர்புரத்தில் அமர்ந்து இக்கட்டுரையை எழுதும்போது, என் மனத்தில் ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. இதே துறைமுகத்திலிருந்து அரிசியோடு கால்நடைகளும் ஏராளமாக இலங்கைக்குக் கப்பலேறினவே, அந்தக் கால்நடை இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் பிரிக்க இவ்விதச் சல்லடை ஒன்று எப்போது, எங்கே உண்டாயிற்று?

நம் நாட்டில் மாடு பார்ப்பது கண்ணின் வேலையாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. சுழி, கொம்பு, திமில், குளம்பின் நிறம், வாலின் நீளம் என்று லட்சணங்களை வகுத்து, அவற்றால் மாட்டின் குணத்தை ஊகித்தார்கள். ஆட்டுக்கும் அப்படியே. சனிக்கிழமைதோறும் கூடும் எட்டயபுரம் சந்தையில், வியாபாரி ஆட்டின் முதுகெலும்பின் இருபுறமும் விரல்களை அழுத்தி, இடுப்புச் சதையைப் பிடித்து, ஒருமுறை தூக்கிப் பார்த்து, இத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுவதை நான் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். அந்தக் கையின் ஞானத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆயினும் அது ஓர் ஆட்டை அறியுமே தவிர, ஓர் இனத்தை அறியாது. அந்த ஆடு கொழுத்தது பரம்பரையினாலா, அல்லது மழை பெய்த வருஷத்துப் பசும்புல்லினாலா என்பதை விரல் நுனி எவ்வாறு சொல்லும்?

தென்னிந்திய மாட்டினங்களை முறைப்படி எழுதிவைத்த முயற்சிகளில் லெப்டினன்ட் கர்னல் கன் என்பவரின் 1909ஆம் ஆண்டு நூலும், லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட நூலும் முதன்மையானவை. காங்கயம், ஆலம்பாடி, பர்கூர், உம்பளாச்சேரி, ஒங்கோல் முதலிய இனங்களின் வடிவமும் வாழிடமும் வளர்ப்பு முறையும் இத்தகைய நூல்களால் அச்சில் நிலைபெற்றன. இறைச்சிக்கென்றே வளர்த்த மாட்டினம் தமிழகத்தில் இருந்ததில்லை. உழுது, ஏற்றம் இறைத்து, வண்டியிழுத்து ஓய்ந்த பிறகே அது அடிமாடாக விலைபோகும். ஆகையால் அக்காலத்து வர்ணனைகளில் உழைப்புத் திறனே பிரதானமாயிற்று. பாளையக்கோட்டைப் பட்டக்காரர் மந்தை போன்ற ஒருசில இடங்களில் காங்கயத்தின் வம்ச சுத்தி தலைமுறைதோறும் பேணப்பட்டது. 1941 முதல் அகில இந்திய அளவில் இனப் பதிவேடுகள் தொடங்கப்பட்டபோதும் பால் கணக்கே முன்னின்றது. வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட வேண்டிய அவசியம் இங்கே எவருக்கும் தோன்றவில்லை.

அந்த அவசியம் தோன்றியது நம் மாடு கடல் கடந்த பிறகு. ஒங்கோல் ஊர் 1904இல் குண்டூர் ஜில்லா அமையும் வரை நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தமையால், பிரேசில் சென்ற அந்த வெள்ளை மாடு அங்கே ‘நெலோர்’ என்றே பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சென்ற மாடுகளுக்குப் பின், 1960களின் தொடக்கத்தில் சென்ற கடைசித் தொகுதியில், ஒங்கோலை அடுத்த ஓர் ஊரின் பெயரையே தாங்கிய ‘கரவடி’ என்னும் காளை இருந்தது. இன்றைய நெலோர் வம்சாவளிகளில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நுகத்துக்குப் பழகிய அவ்வினத்தைப் பிரேசில் நாட்டார் இறைச்சி இனமாக மாற்றினார்கள். திமிலின் அழகை மட்டும் நம்பாமல், கன்றுகளை 205, 365, 550 நாள் வயதுகளுக்குச் சமப்படுத்திய எடைகளால் மதிப்பிட்டு, அந்தக் கணக்கைக் கொண்டே பொலிகாளைகளைத் தேர்ந்தார்கள். இன்று அந்நாட்டு மாட்டுச் செல்வத்தின் பெரும்பகுதியில் ஓடுவது இந்த ரத்தமே.

இனங்களை ஒன்றோடொன்று நேர்மையாக ஒப்பிடும் மாபெரும் பரிசோதனை, 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் கிளே சென்டரில் உள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கியது. வெவ்வேறு இனத்துக் காளைகளின் விந்தை ஹெரிபோர்டு, ஆங்கஸ் பசுக்களுக்குச் செலுத்தி, ஒரே பருவத்தில் பிறந்த கன்றுகளை ஒரே தீவனத்தில் வளர்த்து, பிறப்பு எடை, பால்மறக்கும் எடை, பருவமடையும் வயது, இறைச்சியின் மென்மை ஆகிய யாவற்றையும் அளந்தார்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிய இனங்கள் சோதனைக்கு வந்தபோதும், ஹெரிபோர்டு–ஆங்கஸ் கலப்பை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்திவைத்தார்கள். முதற்சுற்று இனத்தையும் நான்காம் சுற்று இனத்தையும் நேருக்கு நேர் நிறுத்தாமலே ஒப்பிட உதவிய கண்ணி அதுவே; இந்த யுக்தியை நான் மிகவும் மெச்சுகிறேன். மூன்றாம் சுற்றில் பிராமன், சாஹிவால் இனங்களும், நான்காம் சுற்றில் நம் நெல்லூர் இனமும் இடம்பெற்றன. திமில் மாட்டின் கலப்பில் பிறந்த பசுக்கள் வளர்த்த கன்றுகள் பால்மறக்கும்போது எடை மிகுந்திருந்தன; ஆனால் அப்பசுக்கள் பருவமடையத் தாமதித்தன, இறைச்சியும் சற்றுக் கடினமாயிருந்தது. எந்த இனமும் எல்லாவற்றிலும் முதலிடம் பெறவில்லை என்பதே அச்சோதனையின் தீர்ப்பு. இக்கணக்குகளின் பயனாக, 1993 முதல், ஓர் இனத்துக் காளையின் சந்ததி மதிப்பை வேறோர் இனத்துக் காளையோடு ஒப்பிடுவதற்கான திருத்த எண்கள் வெளிவரலாயின.

இதைவிட நுட்பமானது, 1960களில் தொடங்கிய வேறொரு சோதனை. குளிர்ப்பிரதேசமான மான்டானாவிலும் வெப்பப்பிரதேசமான புளோரிடாவிலும் இருந்த ஹெரிபோர்டு மந்தைகளில் ஒரு பகுதியை இடம்மாற்றி வளர்த்தார்கள். இரண்டும் ஒரே இனம். எனினும் ஒவ்வொன்றும் தன் சொந்த மண்ணிலேயே சிறந்து விளங்கிற்று. இடத்தைச் சொல்லாமல் இனத்தின் மேன்மையைச் சொல்வதில் அர்த்தமில்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுமோ? நெப்ராஸ்காவின் அட்டவணையைக் கோவில்பட்டிக் கரிசலில் விரித்துவைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறுவது தகாது.

நம் ஜில்லாவுக்கென்று இறைச்சி இனங்கள் உண்டு. அவை மாடுகள் அல்ல, ஆடுகள். எட்டயபுரத்தை அடுத்த வேம்பூர், மேலக்கரந்தைப் பக்கத்து வெள்ளை மேனியில் செம்புள்ளி படர்ந்த செம்மறி, வயிறு கறுத்த கீழக்கரிசல், பால்கன்னி, செங்கன்னி என இருவகைப்படும் கன்னி ஆடு, நெடுங்கால் கொடி ஆடு ஆகியவற்றுள் எது எந்த நிலத்துக்கு ஏற்றது என்ற வழக்கு கீதாரிகளிடையே இன்றும் நடக்கிறது. சேலத்து மேச்சேரி ஆட்டுக்குப் பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்தில் பிறப்பு முதல் ஒரு வயது வரை எடைகள் பதியப்பட்டு வருகின்றன. கிடைபோடும் மந்தைகளிலும் அது கைகூடும், கணக்கு எளிது. உதாரணமாக, 2 கிலோவாகப் பிறந்த ஒரு குட்டி 100ஆம் நாளில் 14 கிலோவும், அதே எடையில் பிறந்த மற்றொன்று 80ஆம் நாளில் 12 கிலோவும் நிறுக்குமானால், சந்தைக் கண்ணுக்கு முன்னதே பெரிதாகத் தெரியும். நாள் வளர்ச்சி முன்னதற்கு 120 கிராம், பின்னதற்கு 125 கிராம். இரண்டையும் 90ஆம் நாளுக்குச் சமப்படுத்தினால் முன்னது 12.8 கிலோ, பின்னது 13.25 கிலோ. பின்னது இரட்டைக் குட்டியாகவோ தலையீற்றுக் குட்டியாகவோ இருந்தால் அதன் மதிப்பு இன்னும் உயரும்.

ஆகவே வேம்பூரிலும் விளாத்திகுளத்திலும் ஆடு வளர்ப்போரிடம் என் வேண்டுகோள் இது: குட்டி விழுந்த அன்றே அதை நிறுத்து, தேதியையும், ஒற்றையா இரட்டையா என்பதையும், தாய்க்கு அது எத்தனையாவது ஈற்று என்பதையும், அவ்வருஷம் மழை பெய்ததா பொய்த்ததா என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், 90ஆம் நாளில் மறுபடியும் நிறுத்து அதன் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.