சர்ப்ரைஸ்ட் ஆனது யாரு?

இன்னைக்கு எபிசோடை ஒரு குட்டிக் கதையோட ஆரம்பிக்கலாம். அகராதி எழுதற பெரிய மனுஷர் ஒருத்தர். வேலைக்காரப் பெண்ணுக்கு முத்தம் கொடுத்துட்டு இருக்கும்போது மனைவி உள்ளே வந்துடறாங்க. "ஐ ஆம் சர்ப்ரைஸ்ட்!"னு அலறறாங்க. அவர் நிதானமா, "இல்லம்மா, சர்ப்ரைஸ்ட் ஆனது நான். நீ அஸ்டானிஷ்ட்"னு திருத்தறார்.

இதை இங்கிலாந்துல சாமுவேல் ஜான்சன் பேர்ல சொல்வாங்க, அமெரிக்காவுல நோவா வெப்ஸ்டர் பேர்ல சொல்வாங்க. ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது. சுத்தக் கட்டுக்கதை. ஆனா அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சொல் வரலாறு நிஜம்.

1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அதுக்கப்புறம் பல தலைமுறைக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் இங்கிலீஷுக்குள்ள வந்தது. 'சர்ப்ரைஸ்' அதுல ஒண்ணு. எதிர்பாராத நேரத்துல பாய்ஞ்சு பிடிக்கிறதுதான் அதோட மூல அர்த்தம். ஆரம்பத்துல அது போர்க்களச் சொல். அந்தக் கணக்குல, கையும் களவுமா மாட்டினவர்தான் சர்ப்ரைஸ்ட்!

'அஸ்டானிஷ்' எங்கிருந்து வந்தது? அதோட லத்தீன் வேர் இடியைக் குறிக்கும். இடி இறங்கின மாதிரி உறைஞ்சு நிக்கிறது. 'ஸ்டன்' கூட அதே குடும்பம்தான். அப்போ மனைவி அஸ்டானிஷ்ட், சரிதானே?

இப்போ குழப்பத்துக்கு வருவோம். 'கன்ஃப்யூஸ்' லத்தீன்ல ஒண்ணா ஊத்திக் கலக்கறது. சாம்பாரும் ரசமும் ஒரே பாத்திரத்துல விழுந்த மாதிரி. 'பெர்ப்ளெக்ஸ்' பின்னிக்கிட்ட நூல். 'பிவில்டர்' 17-ம் நூற்றாண்டுல வந்தது. 'வில்டர்னெஸ்'க்குச் சொந்தக்காரச் சொல், காட்டுல வழி தவறினவன் நிலைமை.

இந்தப் படங்களை மனசுல வெச்சுக்கிட்டா தேர்ந்தெடுக்கறது சுலபம். ரெண்டு விஷயம் கலந்து தெரிஞ்சா கன்ஃப்யூஸ்ட். விவரம் எல்லாம் கையில இருந்தும் முடிச்சு அவிழலைன்னா பெர்ப்ளெக்ஸ்ட். எந்தப் பக்கம் போறதுன்னே தெரியலைன்னா பிவில்டர்ட். இது கல்வெட்டு விதி இல்ல. ஆனா வேரோட வாசனை இன்னும் சொல்லுல இருக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை, 'நான்ப்ளஸ்ட்'. லத்தீன்ல 'இதுக்கு மேல இல்ல'ன்னு அர்த்தம். அதாவது, திகைச்சுப்போய் வாயடைச்சு நிக்கிறது. ஆனா 20-ம் நூற்றாண்டுல அமெரிக்காவுல பலர் இதை 'கொஞ்சமும் அசரல'ங்கற நேரெதிர் அர்த்தத்துல பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. யார் எப்படிப் புரிஞ்சுப்பாங்கன்னு தெரியாது, தவிர்க்கறது நல்லது.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்கறீங்களா? வேலைக்குச் சேர்ந்த புதுசுல, வாடிக்கையாளர் ஒருத்தர் அனுப்பின கணக்கு எனக்குப் புரியல. "ஐ ஆம் சர்ப்ரைஸ்ட்"னு மெயில் போட்டேன். நான் நினைச்சது 'புரியலைங்க'. அவர் படிச்சது 'உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல'. சமாதானப்படுத்த ரெண்டு நாள் ஆச்சு. கன்ஃப்யூஸ்டுன்னு எழுதியிருந்தா குழப்பம் என்மேல இருந்திருக்கும். சர்ப்ரைஸ்டுன்னு எழுதினதால குத்தம் அவர்மேல போயிடுச்சு.

பாய்ஞ்சு பிடிக்கிற அந்தப் பழைய போர்க்குணம் இன்னும் முழுசா போகல போல. அடுத்த மெயில்ல ஒரு நிமிஷம் யோசிங்க. மீண்டும் சந்திப்போம்!